விண்டோஸை மறுபடி போட ஐந்து வழிகள்: எந்த வழியில் உங்கள் கோப்புகள் தப்பும்?

தலவாக்கலைக்கு அருகில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் தன் மடிக்கணினியை நகரத்துக் கடையொன்றில் கொடுத்தார். திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கிறது, விண்டோஸ் போட்டுத் தாருங்கள் என்று மட்டும் சொன்னார். மறுநாள் மாலை கணினி நல்ல வேகத்தோடு திரும்பி வந்தது. ஆறு வருடங்களாகத் தட்டச்சு செய்து சேர்த்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களும், புலமைப்பரிசில் மாணவர்களுக்கான பயிற்சித் தாள்களும், இறந்துபோன தந்தை பேசும் ஒரேயொரு காணொளியும் அதில் இல்லை. "டி டிரைவில் இருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது சேர், டெஸ்க்டொப்பில் இருந்ததுதான் ஒன்றுமே இல்லை" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது என்ன நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

திரையில் நாம் காணும் டெஸ்க்டொப் என்பது, விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குள் நம் பெயரில் இருக்கும் ஒரு கோப்புறை. டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அங்கேதான் இருக்கின்றன. சி டிரைவை ஃபோர்மட் செய்தால், அதாவது துடைத்து வெறுமையாக்கினால், அவை அத்தனையும் போய்விடும். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மீட்பு மென்பொருள் கொண்டு கொஞ்சமாவது தேடிப் பார்க்கலாம். சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் ஃபோர்மட் செய்த இடத்தை அந்தச் சாதனமே உள்ளுக்குள் துடைத்துவிடுவதால் மீட்பு ஏறக்குறைய நடக்காத காரியம்.

அதற்குப் பிறகு இதே கேள்வி பலரிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. ரீசெட் செய்தால் போதுமா, முழுதாக ஃபோர்மட் செய்யவேண்டுமா, புது எஸ்எஸ்டி வாங்குவது நல்லதா, விண்டோஸை விட்டு இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போய்விடலாமா? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோளாறைத் தீர்க்கக்கூடிய வழிகளில் மிக மென்மையானது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். அதைத் தொடங்கும் முன், கணினிக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, ஏன் மறுபடி போடுகிறீர்கள் என்பது. விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று குழம்பியிருக்கிறதா, வைரஸ் புகுந்திருக்கிறதா, டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கிறதா, அல்லது விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததாலா? இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டாவது, கணினி இன்னும் திறக்கிறதா என்பது. திறந்து டெஸ்க்டொப் வரை வந்தால் ஐந்து வழிகளும் உங்கள் முன் இருக்கின்றன. வராவிட்டால் மிக மென்மையான வழி கைநழுவிப் போகிறது.

மூன்றாவது, கோப்புகளைத் தவிர வேறு எதை இழக்கத் தயார் என்பது. ஒஃபிஸ், கணக்கு மென்பொருள், அச்சு இயந்திரத்தின் டிரைவர், எழுத்துருக்கள் ஆகியவற்றை மறுபடி தேடிப் போட ஒரு நாள் முழுவதும் போகலாம்.

நான்காவது, மலையகத்தில் இருக்கும் நமக்கே உரியது: டேட்டாவும் மின்சாரமும். விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும். மஸ்கெலியாப் பக்கம் மேற்பிரிவு லயத்தில் இருந்துகொண்டு, ஜன்னலோரம் வைத்தால்தான் சிக்னல் பிடிக்கும் ரவுட்டரில் அதை இறக்குவது எளிதல்ல. உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிந்திய இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகலில்தான் இடி முழங்கும், மின்சாரம் போகும். அந்த மாதங்களில் வேலையைக் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். மடிக்கணினியின் பெட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும், சார்ஜரும் இணைந்திருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

## எந்த வழியானாலும் முதலில் செய்யவேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம். கோப்புகளை இழந்து என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போனது இதைத்தான்.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். சி டிரைவில் யூசர்ஸ் என்னும் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாகப் பிரதி எடுங்கள். 100 ஜிபி என்றால் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் சுமார் ஒரு மணிநேரம் ஆகும். அதே 100 ஜிபியை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் இணையத்துக்கு ஏற்றினால் 44 மணிநேரத்துக்கு மேல் எடுக்கும். இலவசமாகக் கிடைப்பதும் கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபிதான். ஆகவே அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகளை மட்டும் இணையத்தில் வையுங்கள். மற்றவை வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். மழை தொடங்கினால் மண்சரிவு அச்சத்தில் இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தச் சில பத்திரங்களாவது வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பது நல்லது.

பிரதி எடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியாகாது.

அடுத்தது எழுத்துரு. இலங்கையில் தமிழ் வினாத்தாள்களும் அழைப்பிதழ்களும் கடிதங்களும் இன்றைக்கும் பெருமளவில் பாமினியில்தான் தட்டச்சாகின்றன. பாமினி யூனிகோட் அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திய எழுத்துரு. புது விண்டோஸில் அது இல்லாவிட்டால் உங்கள் வினாத்தாள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்கப் பார்த்த ஒருவரை நான் தடுத்திருக்கிறேன். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொண்ட்ஸ் என்றிருப்பதைத் திறந்து, பாமினியையும் நீங்கள் சேர்த்த மற்ற எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். சிங்களத்தில் கடிதம் தயாரிப்பவர்கள் எஃப்எம் அபயா என்னும் சிங்கள எழுத்துருவையும் மறக்கவேண்டாம்.

மூன்றாவது பூட்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி வாங்கிய நாளில் கடைக்காரரே ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கிக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், சாவியும் அந்தக் கணக்கில் இருக்கும். அதன் கடவுச்சொல் தெரியாவிட்டால், டிஸ்க் முழு நலத்தோடு இருந்தாலும் உள்ளே இருக்கும் எதையும் உங்களால் படிக்க இயலாது. இன்றே கணக்கில் நுழைந்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், ஒஃபிஸ் உரிமச் சாவி, கடைக் கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். கணக்கு மென்பொருள்கள் சில தம் தரவை, மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்த மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துவதுதான் பத்திரமான வழி.

## வழி 1: இருப்பதன் மேலேயே பழுதுபார்ப்பது

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறக்கிய நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ என்பார்கள்) திறந்து, அதிலுள்ள செட்டப்பை இயக்குவது. கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மட்டும் புதிதாகின்றன. விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போனால், அப்டேட் வழியாகவே மறுபடி நிறுவும் பொத்தானும் இருக்கிறது.

அப்டேட் நிற்கிறது, ஸ்டார்ட் மெனு திறப்பதில்லை, அச்சு இயந்திரம் திடீரென்று வேலை செய்வதில்லை என்பன போன்ற கோளாறுகளுக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான். பெரும்பாலானோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஃபோர்மட் செய்யத் தேவையே இல்லாத எத்தனையோ கணினிகள் ஃபோர்மட் செய்யப்படுகின்றன.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கணினி டெஸ்க்டொப் வரை திறக்கவேண்டும். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. ஐஎஸ்ஓவின் மொழியும் இப்போதுள்ள விண்டோஸின் மொழியும் ஒன்றாக இருக்கவேண்டும். அமெரிக்க ஆங்கில விண்டோஸுக்குச் சர்வதேச ஆங்கில ஐஎஸ்ஓவைப் போட்டால் மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் தெரிவு வராது. எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில், கோப்புகளும் மென்பொருள்களும் என்பது தெரிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள்.

வைரஸுக்கு இது மருந்தாகாது. மென்பொருள்கள் எல்லாம் அப்படியே இருப்பதால் அவற்றோடு ஒட்டியிருக்கும் கிருமியும் தங்கிவிடக்கூடும்.

## வழி 2: கோப்புகளை வைத்துக்கொண்டு ரீசெட்

ரீசெட் என்பது விண்டோஸ் தன்னைத்தானே புதிதாக நிறுவிக்கொள்வது. அதே ரிக்கவரிப் பக்கத்தில் இருக்கும் ரீசெட்டை அழுத்தியதும் இரண்டு தெரிவுகள் வரும்: "கீப் மை ஃபைல்ஸ்", "ரிமூவ் எவ்ரிதிங்". முதலாவதைத் தெரிவுசெய்தால் உங்கள் பெயரிலுள்ள கோப்புறைகள் தங்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்களும் அமைப்புகளும் போய்விடும். நீக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் ஒன்றை டெஸ்க்டொப்பில் விட்டுச் செல்லும். அதன் பிறகு இணையத்திலிருந்து இறக்குவதா, உள்ளே இருப்பதைக் கொண்டே நிறுவுவதா என்று கேட்கும். இறக்குவதற்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா வேண்டும். விண்டோஸின் கோப்புகளே கெட்டிருந்தால் இறக்குவதுதான் நல்லது. மற்றபடி உள்ளிருப்பதே போதும்.

இதன் பலம், கணினி டெஸ்க்டொப் வரை வராவிட்டாலும் இதைச் செய்யலாம் என்பது. தொடர்ந்து சில முறை திறக்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்கு வரும். அங்கே ரீசெட் இருக்கிறது.

பாமினி போய்விடும். மென்பொருள் கோப்புறைக்குள் தரவை வைத்திருக்கும் கணக்கு மென்பொருளின் கணக்குகளும் அதோடு போய்விடும். நடுவில் மின்சாரம் நின்றால் கணினி திறக்காமல் போகும் அபாயம், பழுதுபார்ப்பதை விட இதில் அதிகம். கோப்புகளை வைத்துக்கொள்ளும் என்று சொல்கிறதே என நம்பிப் பிரதி எடுக்காமல் இதைத் தொடங்கவேண்டாம்.

## வழி 3: பென் டிரைவிலிருந்து முழுதாக நிறுவுவது

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசொஃப்ட்டின் கருவியால் நிறுவல் வட்டு தயாரித்து, சி டிரைவை ஃபோர்மட் செய்து, புதிதாகப் போடுவது. நகரத்துக் கடைகளில் "விண்டோஸ் போடுவது" என்றால் பெரும்பாலும் இதுதான்.

வைரஸ் புகுந்த கணினிக்கு இதுவே சரியான வழி. கொமியூனிகேஷன் கடைகளில் பிரதி எடுக்கக் கொடுத்த பென் டிரைவ்களோடு வரும் ஷோர்ட்கட் வைரஸ் பலருக்கும் பழக்கமானது. அப்படிப்பட்ட கணினியிலிருந்து எடுத்த பிரதியைப் புது விண்டோஸில் முதலில் ஸ்கேன் செய்த பிறகே திறக்கவேண்டும்.

எந்தப் பகுதியில் நிறுவுவது என்று கேட்கும் திரைதான் கோப்புகள் தொலையும் இடம். அங்கே சி, டி என்ற எழுத்துகள் காட்டப்படாமல், எண்களும் அளவுகளும் மட்டும் தெரியலாம். உங்கள் சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபி என்பதை முன்னதாகத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். தவறிப்போய் அதை ஃபோர்மட் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

உரிமம் பற்றி ஒரு சொல். விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினியில், அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் உரிமம் தானாகவே உறுதியாகிவிடும். ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் புரோ பதிப்பைப் போட்டுவிட்டு, அதைத் திருட்டு மென்பொருளால் இயக்கிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பெரிய கவலை. விலை கொடுத்து வாங்கிய உரிமத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் திருட்டு மென்பொருளோடு வரக்கூடிய வைரஸை ஏன் வாங்கிக்கொள்ளவேண்டும்?

ஃபோர்மட் செய்யாமல் பழையதன் மேலேயே நிறுவியிருந்தால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு கோப்புறை இருக்கும். பழைய டெஸ்க்டொப்பும் பழைய எழுத்துருக்களும் அதற்குள் இருக்கும். கடையிலிருந்து திரும்பிய கணினியில் கோப்புகளைக் காணவில்லை என்றால் முதலில் தேடவேண்டிய இடம் அது. பத்து நாட்கள் போல ஆனதும் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடக்கூடும் என்பதால் தாமதிக்கவேண்டாம். ஆசிரியையின் கணினியில் அதையும் தேடினோம், இருக்கவில்லை.

## வழி 4: புது எஸ்எஸ்டி, பழைய டிஸ்க் அப்படியே

ஐந்து வழிகளில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, புதிய விண்டோஸை அதில் நிறுவுவது. பழைய டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை, எதுவும் அழிக்கப்படுவதில்லை. யூஎஸ்பி உறை ஒன்றில் இட்டு, வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் கிடைக்கும் வேகம், எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் பழைய டிஸ்க்கில் கிடைக்காது. ஆசிரியையின் கணினி திறக்கப் பத்து நிமிடம் எடுத்ததற்கும் பழைய டிஸ்க்தான் காரணமாக இருந்திருந்தால், ஃபோர்மட்டால் கிடைத்த வேகம் சில மாதங்களுக்கு மேல் நின்றிருக்காது.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், கோப்புறை திறக்க நிமிடக்கணக்கில் எடுத்தால், பழைய டிஸ்க்கின் மேலேயே விண்டோஸ் போடுவது ஆபத்து. கணினியை உடனே நிறுத்துங்கள். அத்தியாவசியக் கோப்புகளை மட்டும் முதலில் எடுக்கவேண்டும். முற்றாகச் செத்த டிஸ்க்கைத் திறந்து மீட்கும் வசதிக்கு, அட்டன் பக்கத்திலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குத்தான் போகவேண்டியிருக்கும். அங்கே ஆகும் செலவு புது எஸ்எஸ்டியின் விலையை விடப் பல மடங்கு.

எஸ்எஸ்டியோடு உறையின் விலையும், கழற்றிப் பூட்டும் கூலியும் சேரும். வாங்கும் முன் உங்கள் கணினிக்கு 2.5 அங்குலப் பெட்டி வடிவச் சாட்டா வகையா, மெல்லிய பட்டை வடிவ எம்.2 வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டியிருந்த டிஸ்க்காக இருந்தால் உறையில் இட்டாலும் அந்த 48 இலக்கம் கேட்கும்.

## வழி 5: லினக்ஸ்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் திட்டம் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான் என அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய பல கணினிகள் இதில் தேறுவதில்லை. அவற்றுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் நல்ல இடம். 4 ஜிபி ரேமில் சுமாராக ஓடும், உரிமத்துக்குப் பணம் இல்லை.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. திறக்கவே திறக்காத விண்டோஸ் கணினியில் மின்ட் பென் டிரைவைச் செருகித் திறந்தால், பூட்டப்படாத சி டிரைவின் கோப்புகள் தெரியும். அவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். லினக்ஸை நிறுவும் எண்ணமே இல்லாதவர்களும் இப்படி ஒரு பென் டிரைவை வீட்டில் வைத்திருக்கலாம்.

தமிழ் தட்டச்சுக்கான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. பாமினியையும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் வேர்ட் ஆவணங்கள், ஒஃபிஸுக்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரேஒஃபிஸில் திறக்கும்போது அட்டவணைகளும் பக்க எல்லைகளும் நகரக்கூடும். வினாத்தாளை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புபவருக்கு அது தலைவலி. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துபவருக்கும் இதை நான் சொல்லமாட்டேன். உயர்தரப் பிள்ளைக்கு, இணையத்தில் படிக்கவும் பாடக் காணொளி பார்க்கவும் மட்டும் கணினி வேண்டும் என்றால் தயங்காமல் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| வழி | கோப்புகள் | மென்பொருள்கள், பாமினி | டேட்டா | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| பழுதுபார்ப்பது | தங்கும் | தங்கும் | 5 ஜிபிக்கு மேல் | திறக்கிறது, ஆனால் குழம்பியிருக்கிறது |
| ரீசெட் | பயனர் கோப்புறைகள் தங்கும் | போகும் | உள்ளிருந்து என்றால் தேவையில்லை | டெஸ்க்டொப் வரவில்லை, டிஸ்க் நலம் |
| ஃபோர்மட் செய்து நிறுவுவது | சி டிரைவில் இருப்பவை போகும் | போகும் | 5 ஜிபிக்கு மேல் | வைரஸ் |
| புது எஸ்எஸ்டி | பழைய டிஸ்க்கில் தங்கும் | மறுபடி நிறுவவேண்டும் | 5 ஜிபிக்கு மேல் | டிஸ்க் பழசு அல்லது பழுது |
| லினக்ஸ் | பிரதி எடுத்தவை மட்டும் | விண்டோஸ் மென்பொருள்கள் ஓடாது. பாமினியை நிறுவலாம் | சில ஜிபி | விண்டோஸ் 11க்குத் தேறாத கணினி |

## கடையில் கொடுப்பதானால்

எல்லோருக்கும் இதைத் தாமே செய்ய நேரமும் துணிவும் இருக்காது. கடையில் கொடுப்பதில் தவறில்லை. வாயால் சொல்லிவிட்டு வராமல், ஒரு துண்டில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிக் கொடுங்கள்: "என்னிடம் கேட்காமல் ஃபோர்மட் செய்யவேண்டாம். டெஸ்க்டொப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் கோப்புகள் இருக்கின்றன. டிஸ்க்கின் நலத்தை முதலில் பாருங்கள். இப்போதிருக்கும் விண்டோஸ் பதிப்பையே போடுங்கள்." அதன் கீழே தொலைபேசி இலக்கம். டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கையில் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.

கணினியைப் பையில் வைக்கும் முன், கடையிலேயே நின்று டெஸ்க்டொப்பைத் திறந்து, பாமினியில் அடித்த ஒரு வினாத்தாளைத் தட்டிப் பாருங்கள். எழுத்துகள் தமிழாகத் தெரிந்தால் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறலாம்.